ஆணைக்கல்லடி இறக்கம்

நீர்வேலி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

உம்மையும் தனுஷாவையும் மருமகனையும் பேத்தி சின்னவளையும் சன்னிதி முருகனிடம் ஒப்படைத்துவிட்டு, உம்முடைய மனிசன் வாகீசன் எழுதுவது. நானும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுதவில்லை. ஏன் என்று போகப் போக விளங்கும். பயப்பட வேண்டாம், காய்ச்சல் தலையிடி ஒன்றுமில்லை.

முதலில் ஒன்று. விசாவை இன்னொரு வருடத்துக்கு நீட்டுகிற அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதேயும். போட்டிருந்தால் மருமகன் அதை அனுப்பாமல் பார்த்துக்கொள்ளும். மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும் என்று நீர் சொன்னது நினைவிருக்கிறது. போன கிழமை போனில் நீர் என்ன செய்ய என்று கேட்க, நில்லும், எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை என்று சொன்னவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சப் பக்கம் வேண்டும். இருபத்திரண்டு வருடம் மினிபஸ்ஸில் கொண்டக்டராக நின்று கத்தினவன், சுருக்கமாகச் சொல்ல வராது.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர். எப்படிச் சொல்வது? நீர் போனைப் பிடித்தால் பின்னால் தனுஷா நிற்கிறாள், பக்கத்தில் மருமகன் தலையாட்டுகிறார், சின்னவளின் கால் ஒன்று திரையில் தெரிகிறது. அந்தக் காலைப் பார்த்த பிறகு எந்த மனிசனுக்கு வாய் வரும்? மார்கிரட் ரீச்சர் வியாழக்கிழமை மகனிடம் ரொறன்ரோவுக்கு வெளிக்கிடுகிறா. மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியலோடு இதையும் கையில் கொடுத்துவிடுகிறேன். உம்முடைய கண்ணாடியை மூன்று கிழமையாகக் காணவில்லை என்று தனுஷா சொன்னாள். கண்ணாடி இல்லாமல் இதை எப்படி வாசிப்பீர் என்று யோசனையாக இருக்கிறது. எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். தயவு செய்து பிள்ளையிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டாம். மார்கிரட் ரீச்சரிடம் கொடுக்கவே வேண்டாம், அவ பிழை திருத்துவா.

வீட்டு நிலவரம். கிணற்று மோட்டார் திருத்தியாயிற்று. கறுத்தப் பெட்டைக்கோழி அடைகிடக்கிறது, பதினொரு முட்டை வைத்தேன். கப்பல் வாழையில் இரண்டு குலை தள்ளியிருக்கிறது. மத்தியானம் உம்முடைய தம்பி வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. காலையில் நானே புட்டு அவிக்கிறேன். அது புட்டு என்று நான் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது. உம்முடைய தையல் மெசின் மேல் ஒன்பது சட்டைத் துணி சேர்ந்துவிட்டது. கொண்டு வருகிற பெண்கள் அக்கா எப்ப வாறா என்று கேட்பார்கள். வாற மாதம் என்று சொல்லி வாங்கி வைக்கிறேன். நீர் போய் ஐந்து மாதம். ஐந்து மாதமும் அதே வாற மாதந்தான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உம்முடைய தம்பியின் மகள் கோபிகா கம்பஸில் படிக்கிற நேரம் போக யூரியூப்பில் ஒரு சனல் நடத்துகிறாள் தானே, ஊரிலுள்ள விசித்திரமான இடங்களையும் அவற்றைப் பற்றிச் சனம் சொல்லுகிற கதைகளையும் தேடிப் போகிறது. ரூட்டில் உள்ள ஒவ்வொரு தரிப்பின் கதையும் மாமாவுக்குத் தெரியும் என்று ஆரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்று தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இல்லை. அவள் ஸ்கூட்டியை ஓட, நான் ஹெல்மெட்டோடு பின்னால் இருக்கிறேன். ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கினவனுக்கு ஒரு பெட்டையின் ஸ்கூட்டியில் இருக்கப் பயம் என்றால் சிரிப்பீர். முடக்குகளில் அவள் பிறேக் பிடிக்கிறாள் இல்லை.

போகிற இடமெல்லாம் அவளுக்கு மூன்று கேள்வி இருக்கிறது. இதை முதல்முதல் ஆர் சொன்னது, ஆர் கண்ணாலை கண்டது, இதாலை ஆருக்கு லாபம். எந்தக் கதையையும் இந்த மூன்றாலும் உரித்துப் பார்ப்பாள். வல்லைவெளிக்குப் போனோம். வெள்ளைச் சீலை உடுத்த பெண் கை காட்டி பஸ் ஏறுவாள், ரிக்கற் கொடுக்கத் திரும்பினால் ஆள் இருக்க மாட்டாள் என்ற கதையைக் கமராவுக்கு முன்னால் வடிவாகச் சொன்னேன். கோபிகா கேட்டாள்: "மாமா, இருபத்திரண்டு வருசத்திலை நீங்கள் அவவுக்கு எத்தினை ரிக்கற் கிழிச்சனீங்கள்?" ஒன்றுமில்லை. எல்லாக் கொண்டக்டருக்கும் வேறொரு கொண்டக்டர் சொன்னதுதான். அந்தக் கதையால் லாபம் ஆருக்கு என்றால், கடைசி பஸ்ஸைத் தவற விட்டால் நடந்து வர வேணும் என்று பயந்து நேரத்துக்கு வந்து ஏறின சனத்தால் எங்களுக்குத்தான்.

அடுத்த ஞாயிறு மணற்காடு. மணல் மூடின பழைய தேவாலயச் சுவர்களுக்கு நடுவில் நின்றோம். காற்று மாறினால் மணலுக்குள் மணிச் சத்தம் கேட்கும் என்று அங்கே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். கோபிகா மணலில் காதை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். கால் மணித்தியாலம் எழும்பவில்லை. மணி கேட்டதோ என்று கேட்டேன். இல்லை, நல்ல நித்திரை வந்தது என்றாள்.

நிலாவரைக்குப் போன நாள்தான் எனக்குக் கரைச்சல் தொடங்கினது. அடி காண முடியாத கிணறு, அதில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரெல்லாம் சொல்லுகிற கதையைச் சொன்னேன். ஆர் கண்ணாலை கண்டது என்று அவள் கேட்டாள். உன்ரை மாமி கண்டவ என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

பாலேஸ், சமாதான காலத்தில் கீரிமலைக்குப் போக ஆமி விட்ட நேரம், தனுஷாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போன பயணம் நினைவிருக்கிறதா? காலையில் நிலாவரையில் நிற்க, நீர் ஒரு தேசிக்காயில் நகத்தால் கீறல் போட்டு உள்ளே விட்டீர். பின்னேரம் கீரிமலையில் ஆண்களின் கேணிக்குள் மூழ்கி எழும்பி, அதே கீறலோடு ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து உம்முடைய கையில் வைத்தேன். நீர் அதைக் கண்ணில் ஒற்றிச் சீலைத் தலைப்பில் முடிந்தீர். அந்தத் தேசிக்காய் புத்தூர்ச் சந்தையில் வாங்கினது. கீறல் என்னுடைய நகம். இத்தனை வருடத்தில் உமக்கு நான் சொன்ன பெரிய பொய் மூன்று. அதில் இது இரண்டாவது. முதலாவதுக்கு வருகிறேன்.

முதலாவது ஆணைக்கல். எங்கள் ஒழுங்கை முடக்கில், எங்களுடைய வாழைத்தோட்ட வேலியோடு கிடக்கிற அந்தக் கறுத்தக் கல். போகிற வருகிற வாகனமெல்லாம் ஹோண் அடித்துப் போகும் கல். அதில் கை வைத்துப் பொய் சொன்னால் அன்றைக்கே பலன் தெரியும் என்று கொடிகாமத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து சத்தியம் பண்ணுகிற கல். கோபிகா அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான் என்று சொன்ன அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கோழிக்குப் போட்டேன். முதல்முதல் ஆர் சொன்னது என்று கேட்கப் போகிறாள். எனக்குத்தானே தெரியும் ஆர் என்று.

தொண்ணூற்றெட்டு. நீர் யாழ்ப்பாணத்துக்குத் தையல் வகுப்புக்கு வருவீர். சந்தையடியில்தான் தரிப்பு. நீர் வெயிலில் அரை மைல் நடந்து வந்து ஏறுவீர். ட்றைவர் சண்முகநாதன் அண்ணையிடம், முடக்கிலை ஒரு சின்ன பிறேக் போடுங்கோ அண்ணை என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார், நீர் வருகிற ஒழுங்கையைப் பார்த்தார், ஒரு கிழமை நிற்பாட்டினார். ஏழாம் நாள் பேரனோடு வந்த ஒரு பெரியவர் வெடித்தார்: "இப்பதானே சந்தையடியிலை நிண்டனீ, இதிலை என்ன கோதாரிக்கு நிப்பாட்டுறாய்?" பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நீர் அப்போதுதான் மிதிபலகையில் கால் வைத்தீர். நான் வெளியே பார்த்தேன். வேலியோடு அந்தக் கல் கிடந்தது. வாய் தானாக ஓடியது. "ஐயா, இது ஆணைக்கல்லடி. இதிலை நிண்டு போட்டுத்தான் எடுக்கிறது. பொய் சொன்ன ஆக்கள் உள்ளுக்கை இருந்தால் வண்டி அசையாது."

சொல்லி முடிய எஞ்சின் நின்றுவிட்டது. அந்தப் பஸ் நாளுக்கு மூன்று தரம் நிற்கும், செல்ஃப் ஸ்ராட்டரும் பழுது. ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றது. சண்முகநாதன் அண்ணை திறப்பைத் திருகத் திருகச் சத்தமே இல்லை. பெரியவர் பேரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார். "தம்பி, பெடியனுக்கு அஞ்சில்லை, பதினொண்டு," என்றார். ஐந்து வயது என்று சொல்லி ரிக்கற் எடுக்காமல் கூட்டிக்கொண்டு வந்தவர். எல்லாரும் இறங்கித் தள்ள, பஸ் எடுபட்டது.

பின்னேரம் திரும்பி வரும்போது நீர் பின் சீற்றிலிருந்து சின்னக் குரலில் "ஆணைக்கல்லடி இறக்கம்" என்றீர். அந்தப் பேரைச் சொல்லி இறங்கின முதல் ஆள் நீர். அதற்குப் பிறகு அந்தப் பொய் என் கையில் இல்லை. இரண்டு மாதத்தில் ஆரோ பூ வைத்தார்கள். ஒரு லொறிக்காரர் சூலம் நட்டார். ஞானாம்பிகை அக்காவுக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் வேலிச் சண்டை வந்து, வேலிக் கதியால் தடிகளைத் தள்ளி நட்டது ஆர் என்று தெரியாமல் கல்லடிக்குக் கூட்டி வந்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் கையைக் கிட்டக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்துவிட்டார். அடுத்த நாள் விடிய கதியால் எல்லாம் பழைய இடத்தில் நின்றது. சண்முகநாதன் அண்ணையும் நானும் பஸ்ஸுக்குள் கண்ணீர் வரச் சிரித்தோம். அவர் மூன்று வருடத்துக்கு முன் மோசம் போய்விட்டார். உண்மை தெரிந்த ஆள் இனி நான் ஒருவன்தான் என்று செத்தவீட்டில் நினைத்தேன்.

இப்போது வீதி அகட்டுகிறார்கள். கல் நடுவில் வருகிறது. வாசிகசாலைத் தலைவர் அருட்செல்வன் விடுவாரா? கல்லின் வரலாறு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டார். அதில் ஒரு அரசன் வருகிறான், ஒரு நீதி வழங்கின புலவர் வருகிறார், ஒரு பசு கூட வருகிறது. என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை இஞ்சினியர் வாறார், நீங்கள் கல்லிலை கையை வைச்சு, இதெல்லாம் அப்பப்பா சொல்லக் கேட்டனான் எண்டு ரெண்டு வசனம் சொன்னாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம் என்றார். உங்களை விட்டால் சொல்ல ஆருமில்லை என்றும் சொன்னார். அதுதான் பிரச்சினையே. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வாழ்நாள் முழுக்கப் புளுகின வாய், இன்னும் இரண்டு வசனத்துக்கு என்ன என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை முடக்கில் ஐம்பது அறுபது பேர். கல்லுக்குப் பட்டுக் கட்டிக் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். இஞ்சினியர் ஒரு இளம்பிள்ளை, கோப்போடு வெயிலில் நின்றார். கோபிகா போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் வேட்டி கட்டிக்கொண்டு போனேன், நீர் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டுப் போன கரை வேட்டி. கல்லில் கையை வைத்தேன். கல் சுட்டது. அருட்செல்வன் கண்ணைக் காட்டினார்.

பாலேஸ், அந்தக் கல்லுக்கு ஒரு சக்தியும் இல்லை என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். அப்படியிருந்தும் வாய் திறபடவில்லை. சண்முகநாதன் அண்ணையின் பஸ் மாதிரி நின்றுவிட்டேன். போனுக்குப் பின்னால் கோபிகாவின் முகம் தெரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த மூன்று கேள்வியும் எனக்குக் கேட்டது. ஆர் சொன்னது, நான். ஆர் கண்டது, ஒருவருமில்லை. ஆருக்கு லாபம்? எனக்கு நீர் கிடைத்தீர், தனுஷா கிடைத்தாள், இந்த வீடு கிடைத்தது. இவ்வளவும் தந்த கல்லில் கை வைத்து ஒரு பசுவைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு ஏலாமல் போய்விட்டது.

சொல்லிவிட்டேன். "இந்தக் கல்லை ஆணைக்கல்லு ஆக்கினது நான்தான். ஒரு பொம்பிளைப் பிள்ளை வெயிலிலை நடக்கக் கூடாது எண்டு செய்தனான்." தேசிக்காய் தவிர எல்லாம் சொன்னேன். சனம் வாய் பார்த்துக்கொண்டு நின்றது. வாகீசண்ணைக்கு வெயில் ஏறிப் போச்சு, ஆரும் குறை விளங்காதேங்கோ என்று அருட்செல்வன் இஞ்சினியரிடம் சொன்னார். ஞானாம்பிகை அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்தா. "தம்பி, நீர் பொய் சொன்னது உம்மடை பாடு. அந்தக் கல்லு என்ரை கதியாலைத் திருப்பித் தந்தது. எனக்கு அது காணும்," என்று கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டா. அவவுக்குப் பின்னால் சனமும் கும்பிட்டது. நான் சொன்ன பொய்யை ஊரே நம்பினது, நான் சொன்ன உண்மையை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

இஞ்சினியர் சிரித்துவிட்டார். கல்லை உடைக்க ஆர் சொன்னது, ஆறடி உள்ளுக்குத் தள்ளி வைத்தால் சரி, இதை முதலே கேட்டிருக்கலாம் என்றார். ஆறடி உள்ளே என்றால் எங்கள் வாழைத்தோட்டத்துக்குள். காணி உம்முடைய சீதனம், உம்முடைய பேரில் இருக்கிறது. உம்முடைய கையெழுத்து வேண்டும் என்று கோப்பில் குறித்துக்கொண்டு போனார். அதைச் சாட்டி உம்மை வரச் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடதாசியைத் தபாலிலும் அனுப்பலாமாம், கேட்டுவிட்டேன்.

சனம் கலைய வெளிக்கிட்டது. எனக்குக் கை கல்லிலிருந்து எடுபடவில்லை. இன்னொரு பொய்யும் கிடக்கு என்றேன். போன கிழமை மனிசியிட்டை ஒரு குறையுமில்லை, நில்லும் எண்டு சொன்னனான் என்று தொடங்கினேன். கோபிகா போனை இறக்கிவிட்டாள். கிட்ட வந்து என் கையைப் பிடித்துக் கல்லிலிருந்து எடுத்தாள். "மாமா, இது மாமியின்ரை. இதை நான் எடுக்கேல்லை. நீங்கள் அவவுக்கு எழுதுங்கோ," என்றாள். அப்படித்தான் இந்தக் கடிதம்.

குறை இருக்கிறது பாலேஸ். உப்புப் போத்தல் எங்கே என்று இப்போதும் சத்தமாகக் கேட்கிறேன். கேட்ட பிறகுதான் வீட்டில் ஆருமில்லை என்று தெரிகிறது. நான் ஒரு கதை சொன்னால் அரைவாசியில் நீர் சும்மா அலட்டாதேங்கோ என்று சொல்லுவீர், அங்கே நிறுத்தலாம். இப்போது நிறுத்த ஆருமில்லை, கதை ஓடிக்கொண்டே போகிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் ஐயர் இரண்டு பேருக்குத் திருநீறு மடித்துத் தருகிறார். உம்முடையதை உம்முடைய சாமித்தட்டில் வைக்கிறேன். தட்டில் இடம் இல்லாமல் வருகிறது.

தனுஷாவுக்கு உதவி வேண்டும், வேலைக்குத் திரும்ப வேண்டும், சின்னவளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று எனக்கும் தெரியும். பிள்ளை பெற்ற பிள்ளையிடமிருந்து தாயைப் பறிக்கிறேன் என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீர் நிற்க விரும்பினால் நில்லும், நான் முகம் கோண மாட்டேன். ஆனால் நான் சொன்னதை நம்பி நிற்க வேண்டாம். நான் சொன்னது பொய். இதைக் கல்லில் கை வைத்துத்தான் சொல்கிறேன், காலையில் கொப்பியையும் பேனையையும் கொண்டு போய் அதில் வைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன். எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான்.

சின்னவளின் காலுக்கு என்னுடைய கொஞ்சல். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளும். ஒரு நல்ல கண்ணாடி வாங்கும். அதன் பிறகு வாரும் பாலேஸ், ஏலுமென்றால் வாரும்.

உம்முடைய,
வாகீசன்.


ரொறன்ரோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தனுஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் ஒடியல் மாவும் கிடைத்தன. மார்கிரட் ரீச்சர் கடிதத்தைத் தரும்போது உறை திறந்திருந்தது, பசை போதாது என்று நினைக்கிறேன். இரண்டு இடத்தில் பிழை திருத்தியிருக்கிறது. எனக்குச் சிரிக்கவும் ஏலவில்லை, அழவும் ஏலவில்லை. கக்கூஸுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன்.

நீங்கள் உண்மை சொன்னபடியால் நானும் சொல்லுகிறேன். நான் நிலாவரைக்குள் விட்டது நன்றாகப் பழுத்த மஞ்சள் தேசிக்காய். நீங்கள் கீரிமலையில் எடுத்துத் தந்தது பச்சை. எனக்குக் கண் அப்போது நல்லாகத்தான் தெரிந்தது. வெள்ளை வேட்டியோடு தோய்ந்து நடுங்கிக்கொண்டு வந்து அதை நீட்டின முகத்துக்காகக் கண்ணில் ஒற்றினேன்.

கல்லைப் பற்றியும் பாதி உண்மை மட்டும் தெரிந்தவர் நீங்கள். அது எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல். விளிம்பு வெடித்துவிட்டது என்று அப்பாதான் அலவாங்குக் கம்பி போட்டு நெம்பி உருட்டிக்கொண்டு போய், லொறி வேலியில் ஏறாமல் முடக்கில் போட்டவர். என்னுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் அதில்தான் தோய்த்தேன். மிதிபலகையில் கால் வைக்க, அதுதான் ஆணைக்கல் என்று நீங்கள் சனத்துக்குச் சொன்னது கேட்டது. பின்னேரம் அந்தப் பேரைச் சொல்லி நான் இறங்கினது ஏன் என்று நினைத்தீர்கள்? நான் சொல்லாவிட்டால் நாளைக்குப் பஸ் அதில் நிற்காது. அப்பாவிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். கடைசி மட்டும் அவர் திறக்கவில்லை. கல்லை உள்ளுக்கு எடுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறேன். அதுக்குச் சொந்த வளவுதானே.

மூன்றாவது பொய்யையும் நான் நம்பவில்லை. நில்லும் என்று நீங்கள் சொல்ல, உங்களுக்குப் பின்னால் மெசின் மேல் அந்தத் துணியெல்லாம் கிடந்தது போனில் தெரிந்தது. அப்படியென்றால் இந்த மனிசன் நான் வருவேன் என்று ஊருக்குச் சொல்லுகிறார் என்று விளங்கியது. ஆனால் உங்கள் வாயால் வராமல் எப்படிப் பிள்ளையிடம் சொல்வது? அதற்கு இரண்டு கிழமை முந்தியே படிவத்தை மருமகன் மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடுங்கோ மாமி என்றார். கண்ணாடியைக் காணவில்லை என்று சொன்னேன். அன்று தொடக்கம் வீடு முழுக்கத் தேடுகிறார்கள், பாவங்கள். அது நான் ஒளித்துவைத்த அரிசி வாளிக்குள்ளேயே கிடந்தது. இந்தக் கடிதம் வாசிக்கத்தான் எடுத்தேன்.

இன்று காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தேன். தனுஷா என்னைப் பார்த்தாள், மூடி திறந்து கிடந்த வாளியைப் பார்த்தாள், கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மருமகன் றஜிந்தனின் தாய்க்கு வவுனியாவுக்குப் போன் எடுத்து, சின்னவளைப் பார்க்க வர ஏலுமோ என்று கேட்டாள். மனிசி என்ரை முறை எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் என்று சொன்னாவாம். இரண்டு வருடம் போகட்டும், நீங்களும் நானுமாய் வந்து பார்ப்போம். சின்னவளை விட்டுவிட்டு வர எனக்கும் நெஞ்சு வலிக்கிறது, அதையும் ஒளிக்கவில்லை.

இருபத்தாறாம் திகதி வெளிக்கிடுகிறேன். இது முந்தி வருமோ, நான் முந்தி வருவேனோ தெரியாது. இது முந்தினால், கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு இரவிரவாகப் பஸ் ஏறி வந்து நிற்க வேண்டாம், உங்களுக்கு முழங்கால் ஏலாது. தம்பி வான் கொண்டு வருவான். நீங்கள் அந்தக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு முடக்கில் நில்லுங்கோ. வான் எங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்லுவேன், தம்பி சந்தையடியைத் தாண்டினவுடனே, பின் சீற்றிலிருந்து, ஆணைக்கல்லடி இறக்கம் என்று.

உங்கள்,
பாலேஸ்வரி.